கேட்கத் தெரிந்த ஊர்

பாட்டின் அருமை தெரிந்த ஊர் விருத்தாசலம். அதற்குச் சாமியே சாட்சி. அன்று திருமுதுகுன்றம் எனப்பட்ட இந்த ஊர் வழியாகப் போன சுந்தரர், ஊரும் கிழம், சாமியும் கிழம், இங்கே பாட என்ன இருக்கிறது என்று நிற்காமல் நடையைக் கட்டினாராம். பழமலைநாதருக்குப் பொறுக்கவில்லை. மகன் முருகனை வேடன் உருவில் அனுப்பி, வழியில் மடக்கி, கையிலிருந்ததைப் பிடுங்கி வரச் சொன்னார் என்கிறது தலபுராணம். பறிகொடுத்தவர் திரும்பி வந்தார், பாடினார். பறித்தது கிடைத்தது, பிறகு 12,000 பொன்னும் கிடைத்தது. அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்ட கதை நாடறிந்தது.

ஒரு பதிகத்துக்காக வழிப்பறிக்கும் துணிந்த சாமியின் ஊரில் பிறந்தவர்களுக்குப் பாட்டின் மேல் ஆசை இல்லாமல் போகுமா? அறுவடை முடிந்த கிராமங்களில் கூத்து நடந்தால் அர்ச்சுனன் தபசு மரம் ஏறி முடிக்கும் வரை பனியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சனத்தைப் பாருங்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் கடைத்தெருவை மறித்துக் கலை இரவு நடத்தினால் அதற்கும் நம் ஆட்கள் வருவார்கள். கட்சி பார்க்க மாட்டார்கள், கொள்கை பார்க்க மாட்டார்கள். பாட்டு நன்றாக இருந்தால் கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்கவும் மாட்டார்கள். இந்தக் காதுகளைப் புகழத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் சொல்லப்போகும் புகழ்ச்சியில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எழுத வைத்தவர் ஒரு பாடகர், கே.ஏ.குணசேகரன். 1955இல் இளையான்குடி பக்கத்து மாரந்தையில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்து முனைவர் ஆனவர். காந்திகிராமத்து நாடகப் பட்டறையில் பழகிய கையோடு நாடகத்துக்குள் வந்தவர். இடதுசாரி மேடைகளில் பாடினார். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தினார். 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார். சேரிப் பாட்டும் சேரிக் கதையும் ஆய்வுக்கு உரியவை என்று பல்கலைக்கழகங்களிடம் வாதாடினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர், பிறகு சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். 2005இல் வந்த 'வடு', தமிழில் ஒரு தலித் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய முதல் நூல்களில் ஒன்று. 2016 ஜனவரி 17இல் புதுச்சேரியில் மறைந்தார். நமக்கு எட்டும் தூரத்து ஊர்தான். விடிகாலையில் பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம்.

வயற்காட்டில் பக்கத்து வரப்பில் நிற்பவரைக் கூப்பிடும் குரல் அவருடையது. அறைக்குள் பாடுவதற்கென்று பழக்கிய குரல் கிடையாது. நடவுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அவற்றைப் பாடிய பெண்களிடமே உட்கார்ந்து கேட்டு வாங்கி, மேடைக்குக் கொண்டுவந்து, அந்த மெட்டுகளிலேயே கூலிக்கும் குடிநீருக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் பாட்டுக் கட்டினார்கள் அவரும் அவர் தோழர்களும். அந்தப் பாட்டுகள் ஒலிநாடாவாகி, தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் ஓடின. நம் ஊரிலும் கேட்டோம். பாட்டு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. இது முதல் புகழ்ச்சி. மனிதர்களுக்கு வைத்திருக்கும் எல்லைக் கல்லை நாம் பாட்டுக்கு வைத்ததில்லை.

கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு குணசேகரன் குரலில்தான் ஊர் ஊராகப் போனது. வெண்மணி நினைவு மேடைகளில் அதைக் கேட்டவர்கள் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்திய மண்ணில் நின்றுகொண்டு, நாங்களும் மனிதர்கள்தான் என்று ஒருவர் பாட, அதைக் கேட்டுக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை. நாம் கேட்டோம். கை தட்டினோம். இன்னொரு முறை பாடுங்கள் என்று சீட்டு எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்பினோம்.

இங்கே நான் மனதாரப் புகழ வேண்டியது நம் விசுவாசத்தை. நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் காலத்து சினிமாப் பாட்டுகள் எத்தனையோ பழசாகி உதிர்ந்துவிட்டன. 'மனுசங்கடா' மட்டும் நேற்று எழுதியது போல இருக்கிறது. ஒரு பாட்டு பழசாகாமல் இருக்க வேண்டுமென்றால் எழுதியவரும் பாடியவரும் மட்டும் போதாது. கேட்பவர்களின் உழைப்பும் சேர வேண்டும். அந்தப் பாட்டுக்கு வயதாக விடாமல் ஒவ்வொரு ஆண்டும் அதற்குப் புதிதாக ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் நாம். குணசேகரன் மறைந்த அதே 2016 ஜனவரியின் முதல் வாரத்தில், நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப் பாதையில் எடுத்துச் செல்லலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. காவல்துறை உடலைக் கைப்பற்றி வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. அப்படி ஒரு சாவைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த படத்துக்குப் பெயர் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. 'மனுசங்கடா' என்றே வைத்தார். குணசேகரன் மறைந்த ஜனவரி 17 அன்றுதான் ஐதராபாத் பல்கலைக்கழக விடுதியில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவும் உயிரை விட்டார். பாடகர் கண்ணை மூடும் நாளில்கூட அவருடைய பாட்டைச் சும்மா இருக்க விடாத நாடு இது.

நம் ஊர்த் தொழிலை நினைக்காமல் இந்தக் காதுகளைப் பற்றிப் பேச முடியாது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணை வைத்து எழுந்தது நம் பீங்கான் தொழிற்பேட்டை. அதற்கென்றே ஒரு தொழில்நுட்பப் பயிலகம் இங்கே இருக்கிறது. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி, காயவைத்து, மெருகு பூசி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். கொலு பொம்மையும் அகல் விளக்கும் கண்ணில் படுகிற சரக்கு. கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு மின்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது பியூஸ் கேரியர். கம்பத்தின் மேல் உட்கார்ந்திருப்பது இன்சுலேட்டர். கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடினாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு துளியும் கம்பத்தில் இறங்க விடாமல் காப்பது அதன் வேலை. மழை பெய்தாலும் இறங்காது. சூட்டில் வெந்து வந்த பொருள் அது. நம் காதும் இந்த மண்ணின் சரக்குதான். வெண்மணியைப் பற்றிய பாட்டு அதன் வழியாக இரவு முழுக்க ஓடியது; காலையில் நாம் வீட்டுக்குத் திரும்பி, வழக்கமான குவளையை வழக்கமான ஆளுக்குக் கொடுத்தோம். தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாடகர்களைப் போற்றும் பழக்கம் நமக்கு குணசேகரனோடு வந்ததும் இல்லை. 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ், மருத்துவர் சமூகத்தவர். முடி திருத்தும் குடும்பம். அந்தக் காலத்து நாடக மேடையில் அவர் பாட நின்றால் கொட்டகை கொள்ளாது. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்துப் பறவை விரட்டும் காட்சியில் வெள்ளைக்காரனை விரட்டுகிற பாட்டைப் பாடினார். மதுரகவி பாஸ்கரதாசின் தேசியப் பாட்டுகளை ஊரெல்லாம் கொண்டுபோனார். அதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். அவர் பாட்டில் தேசம் விழித்தது. அவரோடு சோடி சேர்ந்து நடிக்க மேல்சாதி நடிகைகள் மறுத்தார்கள். முருகன் வேடத்தில் அவர் மேடைக்கு வந்தால் கும்பிட்டவர்கள், வேடம் கலைத்த பிறகு அவரை எங்கே உட்கார வைப்பது என்று நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில், மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அன்றைய கூட்டத்தின் ரசனையை நினைத்துப் பார்க்கிறேன். தெய்வமாகவும் தீண்டத்தகாதவராகவும் ஒரே மனிதரை ஒரே இரவில் பார்க்கப் பழகிய கண்கள் அவை. திருமங்கலத்தில் அவர் பெயரில் அரசு நினைவு இல்லம் நிற்கிறது. நன்றி மறவாத சமூகம் நம்முடையது.

பறைக்கு வருவோம். பறை நம் இசை, தமிழரின் ஆதி இசை என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். கல்லூரி விழாவில் பிள்ளைகள் பறை அடிக்கிறார்கள். கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் சனி ஞாயிறில் போய்க் கற்றுக்கொள்கிறார்கள். டொரண்டோவிலும் லண்டனிலும் தமிழ் விழாக்களில் பறை முழங்குகிறது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு, மனம் நிறைந்தது. இந்த மாற்றத்துக்காகக் காலமெல்லாம் உழைத்தவர்களில் குணசேகரன் முக்கியமானவர். இழவு வீட்டு வாசலிலிருந்து பறையை மேடைக்கும் வகுப்பறைக்கும் தூக்கி வந்தார்.

நாம் அந்த வாத்தியத்தை இரண்டு கையாலும் ஏற்றுக்கொண்டோம். அதே சமயம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடிப்பதற்கு எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதையும் மறந்துவிடவில்லை. கல்லூரியில் கற்றுக்கொண்ட பையனைக் கூப்பிட வேண்டும் என்று எந்தப் பெரிய மனிதருக்கும் தோன்றியதில்லை. அவனுக்கும் நன்றாக அடிக்கத் தெரியும்தான். இரண்டு கணக்கையும் கலக்காமல் எழுதி வைத்திருக்கும் அந்த ஞாபக சக்தி சாமானியமா? வர மறுத்தால் என்ன நடக்கும் என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. பறையை விடுதலை செய்துவிட்டோம். அதை அடிப்பவரின் கட்டு மட்டும் பாக்கி.

இனி, சொல்லக் கஷ்டமாக இருக்கும் புகழ்ச்சி ஒன்று.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. சுந்தரரிடம் வழிப்பறி செய்த அந்த முருகன்தான் இவர் என்பார்கள். அநியாயம் நடந்தால் சனங்கள் இங்கே பிராது கட்டுவார்கள். என்ன குறை, யாரால் வந்தது என்று காகிதத்தில் எழுதி, சாமி முன் வைத்து, சுருட்டி வேலில் கட்டிவிட்டுப் போவார்கள். காகிதம் வாங்க மறுத்து, சாமி யாரையும் திருப்பி அனுப்பியது கிடையாது. எந்தத் தெரு என்று கேட்டதும் கிடையாது. முறையீட்டைக் கேட்பதில் நம் ஊர்ச் சாமி அப்படி.

அதே வட்டாரத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை. பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் வீட்டுப் பெண் கண்ணகியும் 2003 மே மாதம் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். தெரிந்ததும் பெண் வீட்டார் இருவரையும் பிடித்துவந்தார்கள். ஜூலை 8 அன்று ஊர்ச் சுடுகாட்டில், மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று, எரித்தார்கள். பார்க்க ஆள் இருந்தது. முருகேசன் வீட்டார் காவல் நிலையம் போனார்கள். அவர்களுடைய புகார் எடுக்கப்படவில்லை. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் காவல்துறையினர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. இருபத்திரண்டு வருடம். கண்ணகி உயிரோடு இருந்து ஒரு குழந்தை பிறந்திருந்தால் அது இந்நேரம் கல்லூரி முடித்திருக்கும்.

காதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவனுக்கு அந்த ஒரு விவரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. காதில் ஊற்றியிருக்கிறார்கள். குணசேகரனின் பாட்டு அந்த ஊருக்குப் போகாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. வானொலியும் ஒலிநாடாவும் எட்டாத ஊர் நம் பக்கத்தில் ஏது? அவர் இருபது வருடமாகத் தொண்டை கிழியப் பாடி எந்தக் காதுகளைத் திறக்கப் பார்த்தாரோ, அந்தக் காதுகள் உள்ள ஊரில் இது நடந்தது. நடந்த பிறகும் நாம் பாட்டுக் கேட்பதை நிறுத்தவில்லை. அடுத்த மாசிமகத்துக்குக் கூட்டம் குறையவில்லை. ஊர் அமைதி குலையவில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். உண்மைதான், குலையவில்லை. இரண்டு பிள்ளைகளைச் சுடுகாட்டில் உயிரோடு நிறுத்திக் கொன்ற பிறகும் குலையாத அமைதியை வேறு எந்தச் சொல்லால் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் எழுத்தாளர்களுக்கும் குறைவில்லை. இமையம் இங்கேதான் இருக்கிறார். சாகித்திய அகாதெமி விருது வந்தபோது ஊரே மகிழ்ந்தது. சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்லி ஊர் நெருக்கும் ஒரு தகப்பனைப் பற்றி அவர் எழுதிய 'பெத்தவன்' கதையைப் படித்து அழுதவர்கள் எனக்குத் தெரியும். நல்ல வாசகர்கள். கதையில் அழ வேண்டிய இடம் எது என்று அவர்களுக்குத் தப்பாமல் தெரிகிறது. அதே ஆட்கள் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது கையில் வைத்திருக்கும் காகிதத்தில் முதல் வரி என்ன என்பதும் எனக்குத் தெரியும்.

குணசேகரன் மறைந்த அதே ஆண்டு டிசம்பர் 1இல் இன்குலாபும் போனார். மறு ஆண்டு அவருடைய 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்கு சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். அந்த மறுப்பை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எழுதியவரையும் பாடியவரையும் நாம் கைவிடவில்லை. விருது கொடுத்தோம், பதவி கொடுத்தோம், மாலை போட்டோம், படத்திறப்பு வைத்தோம். அவர்கள் கேட்ட ஒன்றைத் தவிர நம்மிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறோம். கேட்டது அப்படியொன்றும் பெரியதில்லை. 'மனுசங்கடா'வைக் கேட்டவர்களுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பாட்டில் வேறு கோரிக்கையே கிடையாது.

இத்தனை பேரைப் புகழ்ந்த கையோடு குணசேகரன் தாமே புகழ்ந்தவர்களையும் சொல்லிவிட வேண்டும். 'வடு'வில் கசப்பு நிறைய இருக்கிறது. அந்தக் கசப்புக்கு நடுவே இளையான்குடி முஸ்லிம்களைப் பற்றி எழுதும் பக்கங்களில் அவர் கை இளகிவிடுகிறது. இளையான்குடி, வந்த விருந்தாளிக்காக விதைத்த நெல்லை இரவோடு இரவாக வயலிலிருந்து அள்ளிவந்து சோறாக்கிய மாறனாரின் ஊர். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் சேர்த்துப் பாடிய அடியார் அவர். அந்த ஊர் முஸ்லிம்களோடு பழகியபோது, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் காலடி தோறும் குறுக்கே வந்த தீட்டு அங்கே குறுக்கே வரவில்லை என்று எழுதுகிறார். அப்போது அவர் முனைவர் இல்லை, பேராசிரியர் இல்லை, இயக்குநர் இல்லை. பள்ளிக்கூடம் போகும் ஒரு சேரிப் பையன். அவனை மனிதனாக நடத்த அவர்களுக்கு ஒரு பாட்டும் தேவைப்படவில்லை.